குமிழின் அளவில் எதை வைப்பது

மாதக் கடைசி சேல்ஸ் ரிப்போர்ட்டில் பபிள் சார்ட்டை அழகுக்காகக் கடைசிப் பக்கத்தில் ஒட்டுகிற வழக்கம் இருக்கிறது. அதன் இடம் முதல் பக்கம். விற்பனை, லாபம், எண்ணிக்கை என்று மூன்று அளவைகளை ஒரே பார்வையில் எதிரெதிரே நிறுத்த இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, வட்டத்தின் பரப்பில் ஒன்று. எதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் படம் பேசுவதும் பேசாததும் இருக்கிறது.

*

டேப்ளோ கற்றவர்களுக்கு சூப்பர்ஸ்டோர் பழக்கமானது. மென்பொருளோடு வரும் மாதிரித் தரவு, அமெரிக்கக் கடை ஒன்றின் விற்பனைக் கணக்கு போல அமைத்தது. பரவலாகப் புழங்கும் பதிப்பில் 2014 முதல் 2017 வரை 9,994 வரிகள். மொத்த விற்பனை ஏறத்தாழ 22.97 லட்சம் டாலர், லாபம் 2.86 லட்சம். யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம் என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

விற்பனை குறுக்கே, லாபம் நெடுக்கே, விற்ற எண்ணிக்கை குமிழின் அளவு. முதலில் மூன்று பெரும் பிரிவுகளை மட்டும் போடுங்கள். மூன்றும் பூஜ்யக் கோட்டுக்கு மேலேதான் நிற்கும். ஃபர்னிச்சர் 7.42 லட்சம் டாலருக்கு விற்று 18,451 டாலர்தான் சம்பாதித்திருக்கிறது. மெலிவு, ஆனாலும் லாபம். பார்ப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

இனி அதையே 17 துணைப்பிரிவுகளாக உடையுங்கள். ஃபர்னிச்சர் நான்காகச் சிதறுகிறது. நாற்காலி 26,590, அலங்காரப் பொருட்கள் 13,059 என்று இரண்டு மேலே போகின்றன. மேசை 17,725 டாலர் நஷ்டம், புத்தக அலமாரி 3,473 டாலர் நஷ்டம் என்று இரண்டு கோட்டுக்குக் கீழே விழுகின்றன. நாற்காலி சம்பாதித்ததில் பாதிக்கு மேல் மேசை தின்றிருக்கிறது. பெரிய குமிழுக்குள் இது மறைந்துதான் இருந்தது.

மேசைக்கு நேர் மேலே பாருங்கள், பைண்டர் நிற்கும். மேசையின் விற்பனை 2,06,966 டாலர், பைண்டருடையது 2,03,413. குறுக்கச்சில் கிட்டத்தட்ட ஒரே இடம். ஒன்று 30,222 டாலர் லாபத்தில், மற்றது நஷ்டத்தில். விற்பனையை மட்டும் பட்டை வரைபடமாகப் போட்டிருந்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிந்திருக்கும்.

படத்தின் உச்சியில் ஒரு சின்னப் புள்ளி: காப்பியர். விற்றது வெறும் 234, லாபம் 55,618 டாலர், 17 பிரிவுகளில் முதலிடம். சின்னக் குமிழ் உச்சியில் நிற்கும்போது அது ஏன் என்று மீட்டிங்கில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுவதற்காகத்தான் படம்.

*

முக்கியமான அளவையைக் குமிழின் அளவில் வைக்கவே கூடாது. 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதக் கண் வரைபடங்களை எப்படிப் படிக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் உள்ள இடத்தைக் கண் மிகச் சரியாகப் படிக்கிறது. பரப்பை மதிப்பிடுவதில் வெகுவாகத் தடுமாறுகிறது. பரப்பு இரண்டு மடங்கானால் நமக்கு இரண்டு மடங்காகத் தோன்றுவதில்லை, குறைவாகவே தோன்றும். ஆகவே துல்லியம் வேண்டியது அச்சுக்கு, ‘ஏறக்குறைய எவ்வளவு’ என்று தெரிந்தால் போதுமானது குமிழுக்கு.

*

எக்செலில் ஒரு அமைப்பு: குமிழின் அளவு பரப்பைக் குறிக்கிறதா, அகலத்தைக் குறிக்கிறதா என்று கேட்கும். பரப்பிலேயே விடுங்கள். விற்ற எண்ணிக்கையில் பைண்டர் 5,974, மேசை 1,241, வித்தியாசம் 4.8 மடங்கு. அகலத்துக்கு மாற்றினால் பைண்டர் குமிழின் பரப்பு மேசையைப் போல 23 மடங்காகிவிடும். எண் எதுவும் மாறாமலே படம் பொய் சொல்லும்.

*

லாபத்தைக் குமிழின் அளவில் வைத்தால் நஷ்டத்தை எப்படி வரைவது? மைனஸ் பரப்புள்ள வட்டம் கிடையாது. எக்செலில் எதிர்மறைக் குமிழ்களைக் காட்டத் தனியாக ஒரு டிக் உண்டு. அது இல்லாவிட்டால் நஷ்டக் கணக்கு படத்தில் வரவே வராது. நஷ்டம் வரக்கூடிய எந்த அளவையும் அச்சில்தான் இருக்க வேண்டும், பூஜ்யக் கோடு அழுத்தமாகத் தெரிய வேண்டும்.

*

பவர் பிஐயோடு வரும் ரீட்டெயில் மாதிரியில் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு அச்சுகளில் சதுர அடிக்கான விற்பனையும், விற்பனை எத்தனை சதவீதம் மாறியது என்பதும். குமிழின் அளவில் இந்த ஆண்டு விற்பனை. ஒவ்வொரு குமிழும் ஒரு மாவட்டம். விகிதங்கள் அச்சில், தொகை குமிழில். சின்ன மாவட்டமும் பெரிய மாவட்டமும் நியாயமாக ஒப்பிடப்படுகின்றன, எது பெரியது என்பதும் மறையவில்லை.

சூப்பர்ஸ்டோரையும் அப்படி மாற்றலாம்: லாப விகிதம் நெடுக்கே, தள்ளுபடி குறுக்கே, விற்பனை குமிழில். காப்பியர் 37 சதவீதத்தில் நிற்கும், பைண்டர் 15இல், மேசை மைனஸ் 8.6இல். ஆனால் மொத்த லாபத்தை மொத்த விற்பனையால் வகுத்தே விகிதத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் சதவீதத்தையும் சராசரி எடுத்தால் நூறு டாலர் பில்லும் ஆயிரம் டாலர் பில்லும் சமமாகிவிடும். தள்ளுபடிக்கும் இதே எச்சரிக்கை: வரிச் சராசரியில் பைண்டரின் தள்ளுபடி 37 சதவீதம், மேசையுடையது 26. அதை மட்டும் பார்த்தால் நஷ்டம் பைண்டரில் அல்லவா வந்திருக்க வேண்டும்!

தள்ளுபடியைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடுகிறது. தள்ளுபடியே இல்லாத வரிகள் மட்டும் சேர்ந்து 3.2 லட்சம் டாலர் லாபம். இது மொத்தக் கடையின் லாபத்தைவிட அதிகம். 30 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு படியையும் தனித்தனியே கூட்டினால் நஷ்டம்.

*

அச்சே இல்லாமல் வட்டங்களை நெருக்கி அடைக்கும் படம் டேப்ளோவில் ஒன்று உண்டு. வட்டம் எங்கே நிற்கிறது என்பதற்கு அங்கே அர்த்தம் கிடையாது. பட்டை வரைபடம் அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

*

ஹான்ஸ் ரோஸ்லிங் 2006இல் டெட் மேடையில் உலக நாடுகளைக் குமிழ்களாக ஓடவிட்டார். வருமானம், ஆயுள், குழந்தைப் பேறு எல்லாம் அச்சில். மக்கள்தொகைதான் குமிழின் அளவு. பவர் பிஐயில் அதே போல மாதவாரியாக ஓடவிடும் வசதி உண்டு. ஆனால் ரோஸ்லிங் பக்கத்தில் நின்று எந்தக் குமிழைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மின்னஞ்சலில் போகிற ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. அங்கே ஓட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு மாதங்களை இரண்டு படமாக ஒரே அளவுகோலில் அடுத்தடுத்து வையுங்கள்.

*

அடுத்த மாத ரிப்போர்ட்டை அனுப்புமுன் பெரும் பிரிவுகளை ஒரு படி கீழே உடைத்து, லாபத்தை நெடுக்கச்சில் வைத்து ஒருமுறை பாருங்கள். கோட்டுக்குக் கீழே விழும் குமிழ்களுக்குப் பெயர் எழுதி அனுப்புங்கள். மற்றவற்றுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.