நம்பர் பிளேட்டும் ரெகெக்ஸும்

தாம்பரம் சிக்னலில் நிற்கும் வண்டி எந்தப் பக்கத்தது என்பதை நம்பர் பிளேட்டே சொல்லிவிடும். டிஎன் 11 என்றால் நம்மூர், 14 சோழிங்கநல்லூர், 22 மீனம்பாக்கம். மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது வாட்ச்மேனோடு கேமராவும் இதைப் படிக்கிறது. படித்ததும் லாக்கில் ஒரு வரி விழும்: தேதி, நேரம், கேட், வண்டி எண், அனுமதி உண்டா இல்லையா. இந்த மாதிரி வரிகளை ஜாவாவில் பிரித்துக் கணக்காக்குவதுதான் என் பிழைப்பு.

பிரிக்க ரெகெக்ஸ் (regex), அதாவது எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் குறிமொழி, இருக்கிறது. ஜாவாவுக்குள் அது 2002-இல், 1.4 பதிப்போடு வந்தது. அதன்மேல் பலருக்கும் பயம். பயத்துக்குக் காரணம் ரெகெக்ஸ் அல்ல, நாம் அதை எழுதுகிற லட்சணம். ஐந்து விஷயத்தையும் ஒரே மூச்சில், அடைப்புக்குறியும் பின்சாய்வுக்கோடுமாக எழுதித் தள்ளுகிறோம். ஜாவா சரத்துக்குள் ஒவ்வொரு பின்சாய்வுக்கோட்டையும் இரட்டையாகப் போட வேண்டும் என்பதால் கண் இன்னும் கூசும். எழுதியவருக்கே அடுத்த மாதம் புரியாது. புரியாததை யாரும் திருத்த மாட்டார்கள். அப்படியே காப்பியடித்து இன்னொரு இடத்தில் ஒட்டுவார்கள்.

ஒட்டினால் என்ன ஆகும் என்பதை 2021 செப்டம்பரில் அமலுக்கு வந்த பாரத் வரிசை காட்டிக்கொடுத்தது. அதில் முதலில் பதிவான ஆண்டு, பிறகு பிஎச், பிறகு நான்கு இலக்கம், கடைசியில் எழுத்து. மாநிலத்தின் பெயரே கிடையாது. ராணுவத்தினர், அரசு ஊழியர்கள், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள தனியார் கம்பெனி ஆட்கள் ஆகியோருக்கு இது கிடைக்கும். விமானப்படைத் தளமும் ஐடி கம்பெனிகளும் உள்ள நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமா? மாநில எழுத்தில்தான் எண் தொடங்கும் என்று நம்பியிருந்த பேட்டர்ன் இந்த வண்டிகளைக் கண்டுகொள்ளாது. உள்ளே வரும் பதிவில் திருத்திவிட்டு, வெளியே போகும் பதிவில் ஒட்டிய நகலை மறந்தால், அந்தக் கார் கணக்குப்படி இன்னும் பார்க்கிங்கிலேயே நிற்கும்.

மாறியது முழு வரி அல்ல, வண்டி எண் என்கிற ஒரு துண்டு மட்டும். எனவே துண்டுதுண்டாகவே எழுதலாம். தேதிக்கு ஒரு மாறிலி, நேரத்துக்கு ஒன்று, வண்டி எண்ணுக்கு ஒன்று. வரியின் பேட்டர்ன் இந்தப் பெயர்களைக் கோத்ததாக மட்டும் இருக்கட்டும். படிப்பவர் குறிகளை அல்ல, பெயர்களைப் படிப்பார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதிகள் உண்டு. வண்டி எண் துண்டில் பழைய வடிவம், 'அல்லது' என்று பொருள்படும் '|', பாரத் வடிவம் என்று வெறுமனே எழுதினால், அந்தக் கோடு துண்டோடு நிற்காது. கோத்த பிறகு முழு வரியையும் இரண்டாகப் பிளந்துவிடும். துண்டு எதுவானாலும் '(?:' என்று தொடங்கி ')' என்று மூடிவிடுவது நல்லது. ஜாவா 7 முதல் குழுக்களுக்குப் பெயர் வைக்கலாம். ஆனால் ஒரு பேட்டர்னில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஜாவா ஏற்காது. ஆகவே பெயரைத் துண்டுக்குள் புதைக்காமல், கோக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் பழைய எண், புதிய எண் இரண்டும் வருகிற வரியிலும் அதே துண்டு உதவும். பேட்டர்னை ஒருமுறை கம்பைல் செய்து வைத்துக்கொண்டு எல்லா திரெட்டும் பகிரலாம். அதிலிருந்து உருவாகும் மேட்சரைப் பகிரக் கூடாது.

துண்டு எழுதச் சோம்பல்பட்டு, எது வந்தாலும் சரி என்று பொருள்படும் '.*' போடுகிறவர்கள் உண்டு. 2019 ஜூலை 2 அன்று இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேர் உலகெங்கும் 27 நிமிடம் தடுமாறியதற்கு, ஒரு ரெகெக்ஸில் அடுத்தடுத்து வந்த '.*'தான் காரணம். எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இயந்திரம் முன்னும் பின்னும் போய்த் தேடியதில் சிபியு முழுவதும் தீர்ந்தது. நான்கு இலக்கம் என்று தெரிந்தால் நான்கு இலக்கம் என்றே எழுதுவோம்.

லாக்கை எழுதும் நிரலும் நம் கையில் இருந்தால் ஜேசானில் எழுதிவிட்டு ரெகெக்ஸை மறந்துவிடலாம். பெரும்பாலும் அது வேறு கம்பெனியின் கேமரா, வேறு யாரோ முடிவு செய்த வடிவம். நாளைக்கு மத்திய அரசு இன்னொரு வரிசையை அறிவிக்கலாம். அன்று பேட்டர்னை எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு மாறிலியைத் திருத்தி, சோதனைக்கு நாலு வரி சேர்த்துவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப முடிந்தால், அதுவே நல்ல ரெகெக்ஸ்.