அம்மாயியும் மூளைக்குள் இருக்கும் ஆடிட்டரும்

பி.காம். படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் தெரியாது :-) எங்கள் அம்மாயிக்காகப் படிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

அம்மாயி ஊர் ராசிபுரம் பக்கம். குச்சிக்கிழங்கு காடு. சேகோ பேக்டரிக்கு லோடு போனால் எத்தனை டன், பாயிண்ட் எவ்வளவு, வெட்டுக்கூலி போக மிச்சம் எவ்வளவு என்று பேப்பர் பேனா இல்லாமலே சொல்லிவிடும். (பாயிண்ட் என்றால் கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு. விலை அதை வைத்துத்தான்.) மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அம்மாயியைப் பார்த்துத்தான் எனக்குக் கணக்கு மேல் ஆசையே வந்தது.

இரண்டு வருடம் முன்பு பொங்கல் லீவுக்குப் போயிருந்தபோது, கிழங்குப் பணத்தை மாமா எடுத்துக்கொண்டார் என்று அம்மாயி ஊரையே கூட்டிவிட்டது. பணம் அதன் சுருக்குப்பையிலேயே இருந்தது. மாமா கத்தினார். நான், "கணக்குல புலியாச்சே அம்மாயி, இப்ப என்னாச்சு?" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாயி மட்டும் சுருக்குப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஆறு மாதத்தில் சேலத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். பி12 சத்து குறைந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் இப்படி மறதி வரலாம், அதைச் சரி செய்ய முடியும் என்று முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார். அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஸ்கேனும் பார்த்துவிட்டு, அல்சைமராகத்தான் இருக்கும் என்றார். அன்று இரவுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது கண்ணில் பட்ட பெயர் மைக்ரோக்ளியா.

மூளை என்றால் நியூரான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வேறு வகை செல்களும் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றுதான் இது. மூளையில் இருக்கும் செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1919ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்டேகா வெள்ளிச் சாயம் ஏற்றி இதைத் தனி இனமாக அடையாளம் காட்டி, பெயரும் வைத்தார். இது மூளையில் பிறப்பதே இல்லை. கரு உருவான ஆரம்பத்தில் மஞ்சள்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் வந்து குடியேறிவிடுகிறது.

வேலை, காவலும் துப்புரவும். கிருமி, செத்த செல், குப்பைப் புரதம் எல்லாவற்றையும் விழுங்கும். தொந்தரவு இல்லாத நேரத்தில் சும்மா கிடக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 2005ல் உயிரோடு இருக்கும் எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன. மூளை வளரும் பருவத்தில் தேவையில்லாத நரம்பு இணைப்புகளை வெட்டிவிடுவதும் இதுதான். கொய்யா மரத்தைக் கவாத்து செய்வது மாதிரி.

எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் இது இன்டர்னல் ஆடிட்டர். தேறாத கணக்கை ரைட் ஆஃப் செய்தால்தான் புத்தகம் சுத்தமாக இருக்கும். அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் கட்டி கட்டியாகச் சேர்கிறது. மைக்ரோக்ளியா அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைக்கப் பார்க்கிறது. இது வரைக்கும் நல்லது. வருடக்கணக்கில் வேலை முடியாமல் இழுக்கும்போது, அழற்சியை உண்டாக்கும் பொருட்களைக் கக்கிக்கொண்டே இருக்கிறது. 2016ல் வெளிவந்த ஒரு எலி ஆய்வில், கட்டிகள் சேரும் முன்பே இணைப்புகளை அது விழுங்குவது தெரிந்தது. வசூலாகக்கூடிய கணக்கையும் சேர்த்து ரைட் ஆஃப் செய்தால் எப்படி இருக்கும்? அப்படி.

அப்படியானால் இதை அடக்கிவிட்டால் போதாதா? போதாது. ட்ரெம்2 என்ற மரபணு மூளையில் முக்கியமாக மைக்ரோக்ளியாவில்தான் வேலை செய்கிறது. அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று 2013ல் ஐரோப்பியர்களிடம் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் மைக்ரோக்ளியாவை மந்தமாக்குகிறது. ஆடிட்டர் தூங்கினாலும் ஆபத்து, வெறி பிடித்தாலும் ஆபத்து.

2023ல் வெளியான கணிப்பின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் ஆய்வு செய்த ஒரு குழுவின் பெயரே 10/66. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், மக்களிடையே நடக்கும் ஆராய்ச்சியில் 10 சதவீதம் கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதுதான் அர்த்தம். இப்போது கொஞ்சம் மாறி வருகிறது. ஐஐடி மெட்ராஸில் 2022ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் இருக்கும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது.

2024ல் லான்செட் குழு ஒன்று 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அவற்றைச் சரி செய்தால் டிமென்ஷியாவில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாமாம். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, தனிமை, காது கேளாமை... காது என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அம்மாயிக்குப் பல வருடமாகக் காது மந்தம். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அந்தப் பொங்கலுக்குப் பிறகு கிழங்குக் கணக்கையும் யாரும் அதனிடம் சொல்வதில்லை. மறந்துவிடும், எதற்குச் சொல்ல வேண்டும்? நாங்களும் ரைட் ஆஃப் செய்துவிட்டோம்.

போன மாதம் போனபோது, புதிதாக வாங்கிய காது மெஷினை மாட்டிவிட்டு, லோடு போன சிட்டையை அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். மொத்தத்தைத் தப்பாகத்தான் சொன்னது. ஆனால் பாயிண்ட் எவ்வளவு என்று படித்ததும், "கம்மியா இருக்கே, மழையில புடுங்கிட்டாங்களா?" என்றது. நிஜமாகவே மழையில்தான் பிடுங்கியிருந்தார்கள். மாமா வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "சாமி, நீ யாரு வீட்டுப் பையன்?" என்று என்னைக் கேட்டது. சொன்னேன். கிளம்புவதற்குள் இன்னும் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் சொன்னேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் கேட்டதையே திரும்பக் கேட்டால் கிண்டல் செய்யாதீர்கள் நண்பர்களே. முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காதையும் சேர்த்துக் காட்டுங்கள்.