ஹோலுக்குள்ள ஆறு பெட்டி

நேற்று வெள்ளவத்தை வீட்டில ஹோம் தியேட்டர் பூட்டி முடிச்சம்.
இருக்கிறது ஒரே ஒரு ஹோல். சாமிப்படம், சாப்பாட்டு மேசை, தம்பியின்ர ஏ லெவல் புத்தகம், எல்லாம் அதுக்குள்ளதான்.

அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்.
சப்வூஃபரை முதல்ல மூலைக்குள்ள வைச்சன். மூலையில பேஸ் இன்னும் கூடும். அதிர்வு நிலத்தால இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகும். அங்க கைக்குழந்தை.
வெளியால இழுத்து, தடிச்ச ரப்பர் வைச்சு, சத்தத்தையும் குறைச்சாச்சு.

கரையோர ரயில் போகேக்க மட்டும் படத்தை நிப்பாட்டுறம்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.
வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கராலதான் வரும். அதை மட்டும் கூட்டிவிட்டன்.
"இப்ப எல்லாம் விளங்குது மோனை" எண்டவ.
எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. எத்தினை வருசம் விளங்காமலே எங்களோட இருந்து பாத்திருக்கிறா!

பிறகு பழைய கதை. 1982இல ரூபவாஹினி தொடங்கின காலம், கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டு ரீவிக்கு முன்னால ஒழுங்கையே பாய் விரிச்சு இருந்ததாம்.
அந்தக் கதைக்காகப் படத்தை நிப்பாட்டினம். திரும்பப் போடவே இல்லை.

உங்கட வீட்டில முதல் ரீவி எப்ப வந்தது? ஆரெல்லாம் பாக்க வந்தவை?