நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை?

ரஷ்யாவின் கசான் நகரத்துக்கு டாக்டர் படிப்புக்கு வர்ற நமக்கு ரஷ்ய மொழியே பெரிய தலைவலி. ஆனா, இந்த ஊர் வாண்டுகள் பாடு இன்னும் கஷ்டம் பாஸ்! தத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகர் இது. ரஷ்யன், தத்தார் ரெண்டுமே ஆட்சிமொழி. ரஷ்யனுக்கு 33 எழுத்து, தத்தாருக்கு 39.

ஒண்ணாம் கிளாஸில் மார்க்கே கிடையாது. அப்புறம்தான் வேட்டு. 5 வாங்கினா ஹீரோ, 2 வாங்கினா வீட்ல டின்னு!

நான் தங்கியிருக்கிற வீட்டுப் பாட்டியின் பேரன் மூணாம் கிளாஸ். ஒரு நிமிஷத்தில் எத்தனை வார்த்தை வாசிக்கிறான் என்று எண்ணுவது ரஷ்யப் பள்ளிகளின் பழைய வழக்கம். பாட்டியும் கடிகாரத்தோடு உட்காருவார். ரஷ்யனில் பயல் பறப்பான். தத்தாரில் எண்ணிக்கை படுத்துடும். பாட்டி முகம் வாடிப்போகும்.

விஷயம் பயலிடம் இல்லை. 'எங்கள் வீடுகளில்' என்பது ரஷ்யனில் மூணு வார்த்தை: 'வ் நாஷிஹ் தமாஹ்'. தத்தாரில் எல்லாம் ஒட்டி ஒரே வார்த்தை: 'ஒய்லெரெபெஸ்தெ'. நம்ம 'போகவேண்டியிருந்ததால்' மாதிரி! இதை ஒண்ணுன்னு எண்ணினா எப்படி?

2017 வரை இங்கே தத்தார் கட்டாயப் பாடம். இப்போ பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. 'பையனுக்கு வரலையே' என்று அவர்கள் விட்டுட்டா, பாட்டி பேசற பாஷை பேரனுக்குப் பள்ளியில் கிடையாது.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். கடிகாரத்தைத் தள்ளி வெச்சுட்டு, படிச்ச கதையைச் சொல்லச் சொன்னார். நரி வந்தது, ஓநாய் வந்தது, நடுவில் நாலு ரஷ்ய வார்த்தையும் வந்தது. பாட்டி கண்டுக்கவே இல்லை.