நிலவுப் பயணத்துக்கு உதவிய எங்க ஊர்க் கல்!



முதலாண்டு விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். பொய்! எங்க அப்பா பரமத்தி வேலூர் பக்கம் ஒரு கிரஷரில் கல் உடைக்கிறவர். தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதியோடு வீடு திரும்புவார். அதை எழுத எனக்கு வெட்கம்.

நான்காம் செமஸ்டரில் கருத்தரங்கத்துக்கு 'நிலவில் மனிதன்' என்ற தலைப்பு எடுத்தேன். ராக்கெட்தான் பெரிய சவால் என்று நினைத்திருந்தேன். படிக்கப் படிக்க, தரையே பெரிய சவால் என்று தெரிந்தது! கலம் இறங்கினால் தூசியில் புதைந்து போகுமோ என்று அஞ்சிய விஞ்ஞானிகள் உண்டு. 1966-இல் ஆளில்லாத லூனா 9, சர்வேயர் 1 இறங்கி, தரை தாங்கும் என்று காட்டின. 1967-இல் சர்வேயர் 3 மண்ணைத் தோண்டியே பார்த்தது. அதன் பிறகுதான் 1969 ஜூலையில் அப்பல்லோ 11. அதன் நான்கு கால்களிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத் தட்டு. காலுக்குள்ளே அதிர்ச்சியைத் தாங்கி நசுங்கும் அலுமினியத் தேன்கூடு!

தரை தாங்கியது, தூசி விடவில்லை. அப்பல்லோ 12 இறங்கும்போது கிளம்பிய புழுதியில் தரையே சரியாகத் தெரியவில்லை. 1972-இல் அப்பல்லோ 17 வண்டியின் மட்கார்டு உடைந்து மண் வாரி அடித்தது. வரைபடத் தாள்களை டேப் போட்டு ஒட்டித்தான் ஓட்டினார்கள். நம்ம ஒர்க்‌ஷாப் வேலை மாதிரியே!

ஒருநாள் இரவு அப்பாவிடம் சொன்னேன்: "நிலாவுல காத்து, தண்ணி கிடையாதுப்பா. அதனால அந்தப் பொடி தேயாம கூரா இருக்குமாம்."

அப்பா சிரித்தார். "நம்ம கிரஷர் பொடி மாதிரிதான் கண்ணு. ஆத்து மணலு தண்ணியில உருண்டு உருண்டு மழுங்கிப் போயிரும். ஒடைச்ச பொடி கையைக் கீறும்."

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் நான் படித்ததை அவர் கையால் படித்திருக்கிறார்!

சந்திரயான்-2 சோதனைக்காக இஸ்ரோ தேடிய கல்லும் எங்க நாமக்கல் மாவட்டத்தில்தான் கிடைத்தது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் உதவியது. பாறையை உடைத்து, அரைத்து, பெங்களூருவில் நிலவுத் தரை போலப் பரப்பி ரோவரை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த மண்ணுக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது. 2019-இல் விக்ரம் விழுந்தது. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நின்றது!

தோழர்களே, போன மாதம் அப்ரண்டிஸ் விண்ணப்பம் நிரப்பினேன். அதே கேள்வி வந்தது.

'கல் உடைப்பவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.