புள்ளிச் சட்டை போட்ட நத்தை

சிங்கப்பூரின் தென்தீவுகளில், கடல்நீர் நன்றாக உள்வாங்கும் நாள்களில் பவளப்பாறைகள் வெளியே தலைகாட்டும். அப்போது புலாவ் ஹந்து போன்ற தீவுகளின் கரையோரம் மெல்ல நடந்தால், நீலநிறக் கடற்பஞ்சின்மேல் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். வெள்ளை உடல், அதன்மேல் வட்டம் வட்டமாகக் கரும்புள்ளிகள். யாரோ தவறவிட்டுச் சென்ற பொம்மையோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அது உயிருள்ள ஓடில்லாக் கடல்நத்தை. இதைச் சிலர் கடல் அட்டை என்பார்கள். அது தவறு, கடல் அட்டை நட்சத்திர மீனின் உறவு, இதுவோ நத்தையின் உறவு.

குஞ்சாக நீந்தித் திரியும்போது இதற்கும் சிறிய ஓடு உண்டு. வளர வளர அதை உதறிவிடுகிறது. தலையில் இரண்டு உணர்கொம்புகள் உள்ளன. இவற்றால்தான் இரையின் வாசனையை அறிகிறது. முதுகின் பின்புறத்தில் பூப்போல விரிந்திருப்பது செவுள். தொட்டால் போதும், அது சட்டென்று உள்ளே மறைந்துவிடும்.

இந்த நத்தைக்கு 1859-ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் சூட்டியவர், இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்டு கெலார்ட். அவர் வைத்த 'ஃபுனேபிரிஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'இறுதிச் சடங்குக்குரியது' என்று பொருள். கறுப்பும் வெள்ளையும் அவருக்குத் துக்க ஆடையை நினைவூட்டின போலும்! இவ்வளவு அழகான உயிருக்கு இது கொஞ்சம் கடுமையான பெயர்தான்.

ஓடில்லாத உயிர் எப்படித் தப்பிப் பிழைக்கிறது? இதன் உடலில் நச்சுப்பொருள்கள் உள்ளன. தான் தின்னும் கடற்பஞ்சிலிருந்தே இது அவற்றைப் பெறுவதாகக் கருதப்படுகிறது. 'என்னைத் தின்னாதே' என்று மீன்களை எச்சரிப்பவை அந்தப் புள்ளிகள். இந்த நத்தையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஜோருமைசின் என்னும் பொருள், ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கும் ஆற்றலைக் காட்டியுள்ளது.

அழகாக இருக்கிறதே என்று இதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டால், பட்டினியால் இறந்துவிடும். மீனுக்குப் போடும் தீனியை இது தொடாது, கடற்பஞ்சு வேண்டும். அந்தப் பஞ்சு வளரும் பாறைகளில் பல, நிலமீட்புப் பணிகளால் மண்ணுக்கடியில் போய்விட்டன. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சியாக, 2014-இல் சிஸ்டர்ஸ் தீவுகளை ஒட்டிச் சிங்கப்பூரின் முதல் கடல் பூங்கா உருவானது. நீர் வற்றிய பாறையில் கால் வைக்க இடம் தேடுவோர் கண்ணிலும் அந்தப் புள்ளிச் சட்டை எளிதில் பட்டுவிடுவது நல்லதாய்ப் போயிற்று.