தோலைப் பார்க்க வேண்டிய குரு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலை ஒன்றில் உழைக்கும் நம் பங்கு இளைஞர் ஒருவர், சில மாதங்களாகத் திருப்பலியில் கடைசித் தூணருகே நின்று, நற்கருணை பெறாமலே சென்றுவிடுவார். ஒரு மாலை அவரை நிறுத்தி விசாரித்தோம். முழுக்கைச் சட்டையை மடித்துக் காட்டினார். முழங்கையில் செந்நிறத் தடிப்பு. அதன்மேல் வெள்ளிச் செதில்.

"குஷ்டம் என்கிறார்கள், சாமி. சாப்பிடும் இடத்தில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. பெண் வீட்டாரும் பின்வாங்கிவிட்டார்கள்" என்றார்.

அவர் கையைப் பற்ற நீண்ட நம் கரமும் ஒரு கணம் தயங்கியது. அதை மறைப்பது முறையன்று.

லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம், தோலின் தடிப்பைக் குரு பார்க்க வேண்டும், ஐயமெனில் ஏழு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்கிறது. குருமடத்தில் அதைப் பழங்காலச் சட்டமென்றே படித்துக் கடந்தோம். இன்றோ பார்க்க வேண்டிய இடத்தில் நின்றோம், பார்க்கத் தெரியவில்லை. எனவே அவருடன் மின்சார இரயிலேறிச் சென்னைக்குச் சென்றோம்.

மருத்துவர் தோலில் ஒரு சிறு துணுக்கெடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். வந்த முடிவு சொரியாசிஸ். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பது. அடித்தோலில் பிறக்கும் உயிரணு மேலேறி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்நோயில் அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. முதிர நேரமில்லாததால் உட்கருவும் மறையாமல் செதிலிலேயே தங்குகிறது. உடலின் காவல் அணுக்களே தவறாகத் தூண்டுவதால் வருவது இது, தொற்றாது. தொழுநோயே ஆனாலும் ஒதுக்கத் தகாது, அதற்கும் மருந்துண்டு என்றும் அவர் சொன்னார்.

"மருந்து பலிப்பதை எப்படி அறிவது?" என்று கேட்டோம். சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து 0 முதல் 72 வரை மதிப்பிடும் 'பாசி' முறை 1978இல் வகுக்கப்பட்டது. ஆராய்ச்சிகளில், தோல் துணுக்கில் 'கே.ஐ.67' என்னும் அடையாளப் புரதத்திற்குச் சாயமேற்றி, பெருகும் அணுக்களை எண்ணுவார்கள். சிகிச்சை பலித்தால் எண்ணிக்கை குறையும், தோலும் மெலியும்.

அவருக்குக் கிடைத்தது மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் 1940களில் அமெரிக்காவில் தலைமை தாங்கிய குழுவில் உருவான மருந்தினம் அது. 1951இல் அவ்வினத்து அமினாப்டெரினை மூட்டுவாதத்திற்குக் கொடுத்தபோது செதில் நோயும் தணிவதைக் கண்டார்கள். வாரத்திற்கு ஒரே நாள்தான் உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. விரையும் தோலணுவைத் தடுப்பது எலும்பு மச்சையையும் தடுக்கக்கூடும். ஆதலால் இரத்த அணுக்களையும் கல்லீரலையும் தவறாது சோதிக்க வேண்டும்.

மாதங்கள் சென்றன. தடிப்பு மெலிந்தது. அவருடைய இசைவுடன் பீடத்தில் நின்று இந்நோய் தொற்றாது என அறிவித்தோம். அடுத்த ஞாயிறு முதிய தாயொருவர் அவரருகே போய் நின்று, தம் பாட்டுப் புத்தகத்தை அவரிடமும் நீட்டினார். அன்று அவர் நற்கருணை பெற்றார்.

"திரும்பவும் வரலாமாம், சாமி" என்றார் பின்னர்.

"வந்தால் மீண்டும் இரயிலேறுவோம், தம்பி" என்றோம்.

அதே நூலின் 14ஆம் அதிகாரத்தில், குருவே பாளையத்திற்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. கடைசித் தூண்வரை நடக்க நமக்குச் சில மாதங்களாயின.